மலைநாட்டுத் திருச்சபையில் மாதர் பணி

சங்கம் அமைப்பது எளிது. அதனை நடத்துவதே அரிது. ஞாயிறு ஆராதனை முடிந்தபின் பத்துப் பெண்மணிகள் கோயில் மண்டபத்திற் கூடித் தலைவி ஒருவரையும் காரியதரிசி ஒருவரையும் தெரிந்துகொண்டால், அன்றே மாதர் சங்கம் ஒன்று பிறந்துவிடும். மூன்றாண்டு கழிந்தபின் அச்சங்கம் உயிரோடிருக்கின்றதா, உயிரோடிருப்பின் எவருடைய துயரைத் துடைத்தது என்று கேட்பதே உண்மையான சோதனையாகும். கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த தேயிலை மலைகளிலும் உள்ள திருச்சபைகளில் மாதர் பணியை மேற்கொண்டுள்ள சகோதரிகளுக்கும், நாளை அப்பொறுப்பை ஏற்கவிருக்கும் மாணவிகளுக்கும் பயன்படுமென்ற எண்ணத்துடன் சில கருத்துக்களை இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றோம். கிறிஸ்தவரல்லாத வாசகர்களும் இதனைத் தம் ஊர் மாதர் சங்கத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். கூடி வாழும் கலை எல்லோருக்கும் பொதுவானதன்றோ!

முன்னோர் இட்ட வித்து

கண்டி இராச்சியம் 1815 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் வசமாயிற்று. மூன்றாண்டின் பின், 1818 இல், சேர்ச் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் லாம்பிரிக் என்னும் குருவானவர் கண்டிக்கு வந்தார். தலதா மாளிகைக்கு அயலில், செங்கற் சுவர்களோடு இன்றும் நிமிர்ந்து நிற்கும் பரி. பவுல் ஆலயம் 1840 ஆம் ஆண்டுகளில் எழுந்தது. அது முதலிற் படைவீரருக்கும் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குமென அமைந்த ஆலயம். அக்காலத்திலேயே மலைகளிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. அங்கே உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ் மக்கள் மன்னாரில் இறங்கி, மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையிற் கால்நடையாக வந்து சேர்ந்தனர். அவர்களிற் பலர் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோர் மலையை வெட்டித் தோட்டமாக்கினர்.

1850 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் இத்தோட்டத்து மக்களுக்கென ஒரு தனி மிஷன் தொடங்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் தோட்டந்தோட்டமாக நடந்து திரிந்து அதன் பணியைச் செய்தனர். 'தமிழ்க் கூலி மிஷன்' என்பது அன்று அதற்கு வழங்கிய பெயர். இன்று அப்பெயரைக் கேட்கவும் நம் செவி கூசுகின்றது. இருப்பினும் அந்தப் பணியாற்றான் மலைநாட்டுத் தமிழ்ச் சபைகள் பல வேரூன்றின என்பதை மறக்கலாகாது.

பெண்களுக்கான பணி பெரும்பாலும் பாடசாலை வாயிலாகவே புகுந்தது. யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824 ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனார் பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலையை நிறுவினர். கண்டியிலே மெதடிஸ்த மிஷனாரின் முயற்சியால் 1879 இற் பெண்கள் உயர்தரப் பாடசாலையும், எலிசபெத் பெல்லர்பி அம்மையாரால் 1890 இல் ஹில்வூட் கல்லூரியும் தோன்றின. வாசிக்கக் கற்ற பெண் தன் வீட்டில் வேதத்தை வாசித்தாள். அயல் வீட்டிலும் வாசித்துக் காட்டினாள். மாதர் பணியின் முதல் வடிவம் இதுவே. அதற்கு அக்கிராசனமோ அறிக்கையோ தேவைப்படவில்லை.

வெட்கம் மேலிட்ட ஒரு தாய்

உலகப் புகழ்பெற்ற மாதர் இயக்கமொன்று எவ்வாறு தோன்றியது என்பதை அறிந்தால், தமக்குத் தலைமைத் தகுதியில்லையென்று அஞ்சும் நம் சகோதரிகள் தைரியங் கொள்வர். இங்கிலாந்தில் வின்செஸ்டர் நகரின் அருகே ஓல்ட் அல்ரெஸ்போர்ட் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர்க் குருவானவரின் மனைவியார் மேரி சம்னர். மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது, தாம் இளந்தாயாயிருந்த காலத்தில் அறிவுரை கூற எவருமின்றித் தவித்ததை அவர் நினைவுகூர்ந்தார். 1876 ஆம் ஆண்டு, செல்வர் வீட்டுத் தாய்மாரையும் ஏழைத் தாய்மாரையும் ஒன்றாகத் தம் இல்லத்துக்கு அழைத்தார். அழைத்துவிட்டாரேயன்றி, அன்று பேச அவருக்கு நாவெழவில்லை. அடுத்த வாரம் வரும்படி சொல்லி அனுப்பிவிட்டு, மறுவாரமே பேசத் துணிந்தார்.

ஒன்பது ஆண்டுகளின் பின், 1885 இல், போர்ட்ஸ்மத் நகரில் நடந்த திருச்சபை மாநாட்டிலே, பெண்கள் நிறைந்த கூட்டமொன்றில் தமக்குப் பதிலாக அவரைப் பேசும்படி அத்தியட்சர் ஒருவர் வேண்டினார். அவ்வுரைக்குப் பின் அவ்வியக்கம் பல மறைமாவட்டங்களிற் பரவியது. அதுவே இன்று எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் இலட்சக்கணக்கான உறுப்பினரைக் கொண்டு விளங்கும் தாய்மார் சங்கம். நம் நாட்டு ஆங்கிலிக்கன் சபைகளிலும் அது வேரூன்றியுள்ளது.

இவ்வரலாற்றில் நமக்கு இரண்டு பாடங்கள் உள. முதலாவது, தலைமைக்கு வேண்டியது நாவன்மையன்று. மற்றவளின் சுமையைத் தன் சுமையாக உணரும் நெஞ்சமே. இரண்டாவது பாடம் சற்றுக் கசப்பானது. மணவிலக்குப் பெற்ற பெண்களை அச்சங்கம் நெடுங்காலம் தன் உறுப்பினராக ஏற்கவில்லை. 1970 ஆம் ஆண்டுகளிலேயே அவ்விதி தளர்ந்தது. மிக நல்ல நோக்கத்தோடு எழுந்த சங்கமும், மிகுந்த ஆதரவு வேண்டி நின்ற ஒருத்தியை வாயிலில் நிறுத்திவிடக் கூடும் என்பதற்கு இது சான்று. நம் சங்கத்தின் வாயிலில் இன்று நிற்பவள் யார்? கணவனை இழந்தவளா? பிள்ளைப் பேறில்லாதவளா? மணமாகாது முதிர்ந்தவளா? 'தாய்மார்' என்ற சொல்லைக் கேட்டுத் தனக்கு அங்கே இடமில்லையென்று திரும்பிச் சென்றவளா? தலைவியானவள் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற் கேள்வி இது.

மணிக்கூடும் மொழியும்

ஆதித் திருச்சபையிலும் இத்தகைய சிக்கல் எழுந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை வாசித்தோர் இதனை அறிவர். எருசலேமில் விதவைகளுக்கு நாள்தோறும் உணவு பங்கிட்டபோது, கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லையென முறைப்பாடு எழுந்தது. அப்போஸ்தலர் அம்முறைப்பாட்டை அடக்கிவிடவில்லை. சபையாரைக் கூட்டி, ஏழுபேரைத் தெரிந்து, பொறுப்பைப் பகிர்ந்தளித்தனர். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாகவே காணப்படுகின்றன. குறைபட்டோரின் மொழியை அறிந்தோர் கையிலேயே பரிகாரமும் கொடுக்கப்பட்டது. இதுவே நிருவாகத்தின் சிறந்த இலக்கணம்.

கண்டிச் சபைகளிற் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளும் புழங்குகின்றன. மாதர் கூட்டம் ஆங்கிலத்தில் மட்டும் நடந்தால், அந்தனைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த சகோதரி பின்வாங்கிலிருந்து புன்னகைத்துவிட்டுத் திரும்புவாள், மறுமாதம் வரமாட்டாள். ஒவ்வொரு பகுதியையும் சுருக்கமாக மொழிபெயர்க்க இருவரை நியமித்தல் வேண்டும். அறிக்கைப் புத்தகத்தை எல்லோருக்கும் விளங்கும் மொழியில் வாசித்தல் வேண்டும்.

மொழியினும் பெரிய தடை நேரமாகும். நகரத்தார்க்கு வசதியான வேளை கிழமை நாளின் பிற்பகல் மூன்று மணி. அவ்வேளையிற் கொழுந்து பறிக்கும் பெண் மலையில் நிற்கின்றாள். காலையிற் பெரட்டுக்குச் சென்றவள், கடைசி நிறுவை முடிந்து கூடையை இறக்கிப் பிள்ளைக்காம்பராவிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பும்போது மாலை ஐந்தாகிவிடும். பின்னர் அடுப்பு, விறகு, தண்ணீர். அவளைக் கூட்டத்துக்கு வரவில்லையென்று குறைகூறுவது நியாயமாகுமா? கூட்டமே அவளை நாடிச் செல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு இரு கூட்டங்களை ஆலயத்தில் நடத்தினால், ஒரு கூட்டத்தையேனும் தோட்டத்து லயத்தின் முற்றத்தில், ஞாயிறு பிற்பகலில் நடத்தலாம். கொழுந்து மிகுதியாக வரும் சித்திரை, வைகாசி மாதங்களில் ஞாயிறும் வேலை நாளாக மாறுவதுண்டு என்பதையும், பெரஹரா நாட்களில் நகர வீதிகள் அடைபட்டிருக்கும் என்பதையும் ஆண்டுத் திட்டம் வகுக்கும்போதே கணக்கிற் கொள்ள வேண்டும்.

சந்தாவிலும் இவ்வறிவு வேண்டும். தோட்டத்துச் சம்பளம் பத்தாந் திகதியை ஒட்டிக் கைக்கு வரும். மாதக் கடைசியிற் சந்தாத் தட்டை நீட்டினால், கொடுக்க மனமுள்ளவளும் தலைகுனிந்திருப்பாள். நம் முன்னோர் கண்ட பிடியரிசி முறை இதற்கு நல்ல மாற்று. சோறு சமைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது சைவ மடங்களையும் பாடசாலைகளையும் தாங்கிய தமிழர் வழக்கம். வடகிழக்கு இந்தியாவிலுள்ள மிசோராம் திருச்சபைப் பெண்கள் 1910 ஆம் ஆண்டு தொடங்கிய இதே முறை இன்றும் அச்சபைக்குப் பெருவருவாய் ஈட்டுகின்றது. ஏழையின் காணிக்கையும் செல்வரின் காணிக்கையும் ஒரே கலயத்திற் கலந்துவிடுவதால், எவர் எவ்வளவு தந்தார் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

தலைவி யார்?

குருவானவரின் மனைவியாரே மாதர் சங்கத் தலைவியாதல் பல சபைகளில் வழிவழி வந்த வழக்கம். அவர்களுட் சிறந்த தலைவியர் பலர் இருந்துள்ளனர். மேரி சம்னரும் அத்தகையவரே. ஆயினும் அதனை மாறா விதியாக வைத்துக்கொள்வதில் ஓர் இடர் உண்டு. குருவானவர் இடமாற்றம் பெறும்போது சங்கமும் மூட்டை கட்டிவிடுகின்றது. தலைமையில் விருப்பமில்லாத இளம் மனைவியார் ஒருவர்மீது அப்பாரத்தைச் சுமத்துவதும் அன்பாகாது. அவரைப் போஷகியாக மதித்து, தலைவி, காரியதரிசி, தனாதிகாரி ஆகியோரை உறுப்பினரே தெரிந்துகொள்வது நலம். எப்பதவிக்கும் மூன்றாண்டு எல்லை வகுத்து, ஒவ்வொரு பதவியாளரும் ஓர் இளம் உதவியாளரைப் பழக்குதல் வேண்டும். தம் வேலையைக் கற்றுக்கொடாத தலைவி எவ்வளவு உழைத்தாலும் அரைப்பணியே செய்தவராவார்.

பொறுப்பை ஒப்படைத்தலுக்குத் திருநெல்வேலிச் சீமையில் ஓர் அரிய உதாரணம் உண்டு. ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1894 இற் சில காலம் இலங்கையிற் பணியாற்றியபின், அடுத்த ஆண்டு இந்தியா சென்றார். அங்கே பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்கள் அவரோடு சேர்ந்து கிராமந்தோறும் மாட்டு வண்டியிற் சென்று பணிசெய்தனர். பின்னர் டோனாவூர்ப் பணி வளர்ந்து, நெய்யூரிற் சிசுக்களுக்கென இல்லம் அமைந்தபோது, அதன் பொறுப்பு பொன்னம்மாளிடம் கொடுக்கப்பட்டது. ஓர் இளம் விதவையை மூலையில் இருத்திவைத்த காலம் அது. அக்காலத்தில் ஒரு விதவையின் கையில் அத்தனை உயிர்களை நம்பிக் கொடுத்தது பெரிய காரியமன்றோ! நம் சங்கத்திலும் ஒரு கொழுந்துக்காரப் பெண் தனாதிகாரியாக வரும் நாளே அது முழுமை பெற்ற நாளாகும். கூடைக் கணக்கை ஒரு றாத்தலும் பிசகாது மனத்தில் வைத்திருக்கும் அவளுக்குச் சங்கக் கணக்கு கடினமாகாது.

கூட்டமும் கணக்கும்

நல்ல கூட்டம் ஒன்றரை மணிக்கு மேற்படாது. கீதமும் ஜெபமும் கால் மணி. வேத ஆராய்ச்சி அரை மணி. பயனுள்ள பாடமொன்று அரை மணி. சங்க அலுவல் கால் மணி. வேத ஆராய்ச்சியை ஒருவரே பிரசங்கமாக நிகழ்த்தாது, தொற்காள், லீதியாள், பெபேயாள், பிரிஸ்கில்லாள் போன்ற வேதாகமப் பெண்கள் செய்த தொழிலையும் தொண்டையும் பற்றி ஒவ்வொரு மாதமும் வேறு வேறு உறுப்பினர் பேசச் செய்தல் வேண்டும். ஊசியும் நூலும் கொண்டு விதவைகளுக்கு ஆடை தைத்த தொற்காளைப்பற்றி, தையற்காரச் சகோதரி பேசுவதுபோல் வேறெவர் பேச முடியும்?

பயனுள்ள பாடம் என்றது சுகாதாரம், சிசு பராமரிப்பு, சத்துணவு, சிக்கனம் முதலியவற்றை. இத்துறையில் நமக்கு வழிகாட்டியவர் டாக்டர் மேரி இரத்தினம் அம்மையார். கனடாவிற் பிறந்து, மிஷன் வைத்தியராக இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாக்கிக்கொண்டவர் அவர். 1930 இல் அவர் நிறுவிய லங்கா மகிளா சமிதி, கிராமத்துப் பெண்கள் தாமே கூடிச் சுகாதாரத்தையும் கைப்பணியையும் கற்கும் முறையை நாடெங்கும் பரப்பியது. அவரது தொண்டைப் பாராட்டி 1958 ஆம் ஆண்டு மகசேசே விருது வழங்கப்பட்டது. மாதர் சங்கம் இன்னொரு ஆராதனை மட்டுமன்று. வாழ்க்கைப் பாடசாலையுமாகும் என்பதை அவர் செய்து காட்டினார்.

கணக்கைப்பற்றி ஒரு வார்த்தை. காணிக்கையை இருவர் சேர்ந்து எண்ணுதல், பற்றுச்சீட்டு எழுதுதல், மாதந்தோறும் மீதியைக் கூட்டத்தில் வாசித்தல் ஆகிய மூன்றும் தவறாது நடந்தால், சந்தேகம் என்னும் கறையான் சங்கத்தை அரிக்காது. நம்பிக்கை இருக்கின்றபோதே கணக்கும் இருக்க வேண்டும். நம்பிக்கை போனபின் கணக்குக் காட்டிப் பயனில்லை.

இவற்றினும் மேலானது வீடு சந்திப்பு. உறுப்பினர் பெயர்ப் பட்டியலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இருவர் இருவராக மாதம் ஒருமுறை சென்று காணுதல் வேண்டும். தாய் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றுவிட, அம்மாயியின் பொறுப்பில் வளரும் பிள்ளைகள் இன்று மலைநாட்டில் எத்தனையோ பேர். அந்த அம்மாயியின் மூட்டு வலியும், பிள்ளையின் பாடசாலை வரவும் ஆலயப் பீடத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியா. 2022 ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவும் எரிபொருளும் கிடையாது நாடே தவித்தது. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அத்தகைய காலத்தில் வீடு சென்று பழகியவருக்கே தெரியும்.

வாய்ப்பூட்டும் திறவுகோலும்

வீடு சந்திக்கச் செல்வோர் சிலவேளை மறைத்த காயங்களையும் காண்பர். குடியால் வரும் அடி, சம்பளப் பணத்தைப் பறித்தல், பெண்பிள்ளைக்கு நேரும் துன்பம் முதலியன தோட்டத்திலும் உண்டு. நகரத்து மாடி வீட்டிலும் உண்டு. இங்கேதான் மாதர் சங்கத்தின் தரம் வெளிப்படும். கேட்டதை மறுநாட் கிணற்றடியிற் சொல்பவர் இப்பணிக்கு ஆகார். 'பொறுத்துப் போ, ஜெபம் பண்ணு' என்று மட்டும் சொல்லி அனுப்புவதும் போதாது. பொறுமை என்னும் பெயரால் ஒருத்தியை உயிராபத்தில் விட்டுவருவது கிறிஸ்தவ அன்பன்று.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், துன்புறுத்தப்பட்ட பெண் நீதவான் நீதிமன்றிற் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். பெண்களுக்கு உதவ 1938 என்ற தொலைபேசி இலக்கமும், சிறுவர் பாதுகாப்புக்கு 1929 என்ற இலக்கமும் உள்ளன. இவற்றை மாதர் சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் மனப்பாடமாக அறிந்திருத்தல் வேண்டும். சிறுவருக்குத் தீங்கு நேர்ந்ததை அறிந்தால் அதனை மூடிவைக்க எந்த இரகசியமும் நியாயமாகாது. வம்புக்கு வாய்ப்பூட்டு வேண்டும். உதவிக்குத் திறவுகோல் வேண்டும்.

அடுக்களைக்கு அப்பால்

கோயில் விருந்தென்றால் மாதர் சங்கம், கோயிற் கணக்கென்றால் ஆடவர் குழு என்ற வழக்கம் இன்னும் பல இடங்களில் மறையவில்லை. அறுப்பின் பண்டிகைக்குப் பலகாரம் சுட்டு விற்றுப் பணம் சேர்ப்பவர் பெண்கள். அப்பணத்தை எதற்குச் செலவிடுவதென்று தீர்மானிக்கும் மேசையில் அவர்கள் இல்லை. பரிமாறுதல் இழிவான பணியன்று. ஆனால் மார்த்தாளின் வீட்டில் மரியாளுக்கும் உட்கார இடமிருந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

காலம் மாறியே வருகின்றது. இந்நாட்டுப் பெண்கள் 1931 இல் வாக்குரிமை பெற்றனர். தோட்டத்துப் பெண்களின் நாட்சம்பளம் 1984 இல் ஆண்களின் சம்பளத்துக்குச் சமமாக்கப்பட்டது. கண்டிக்கு அண்மையில் பிலிமத்தலாவையில் பல சபைகள் ஒன்றிணைந்து 1963 இல் நிறுவிய இலங்கை இறையியற் கல்லூரியிற் பெண்களும் சிங்களத்திலும் தமிழிலும் இறையியல் கற்கின்றனர். 2006 ஆம் ஆண்டு இலங்கை ஆங்கிலிக்கன் திருச்சபையிற் பெண்கள் முதன்முறையாகக் குருத்துவ அபிஷேகம் பெற்றனர். பீடத்தில் நின்று அப்பம் பிட்கும் உரிமை பெற்றபின், செயற்குழு மேசையில் ஆசனம் கொடுக்கத் தயங்குவது பொருந்துமா? மாதர் சங்கம் தான் சேர்த்த பணத்தின் செலவைத் தானே தீர்மானிக்கவும், சபைச் செயற்குழுவுக்குத் தன் பிரதிநிதிகளை அனுப்பவும் வேண்டும். இதனைச் சண்டையிட்டன்று, ஒழுங்கான கணக்கும் அறிக்கையும் காட்டிக் கேட்டாற் பெரும்பாலும் மறுப்பவர் இரார்.

சபைகளிடையே உள்ள சுவர்களையும் பெண்களே முதலிற் தாண்டியுள்ளனர். மார்ச் மாதத்து முதல் வெள்ளிக்கிழமையில் உலகெங்கும் நடைபெறும் மாதர் ஜெப நாள், 1887 இல் அமெரிக்கப் பெண்கள் தொடங்கிய ஜெபத்திலிருந்து வளர்ந்து, 1927 இல் உலகப் பொதுவாயிற்று. ஆண்டுதோறும் ஒரு நாட்டுப் பெண்கள் ஆராதனை முறையை எழுதித் தருவர். மற்ற நாட்டார் அதனைத் தம் மொழியிற் செய்வர். கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், மெதடிஸ்தர், பாப்திஸ்தர் எல்லோரும் வாழும் கண்டி போன்ற நகரில், தனித்தனியாக ஒதுங்கியுள்ள சிறு சங்கங்கள் ஒன்றுகூட இதனினும் நல்ல நாள் வேறில்லை.

மாணவிகளே! உங்களிற் பலர் பல்கலைக்கழகத்துக்கும் அலுவலகத்துக்கும் செல்வீர்கள். 'மாதர் சங்கம் வயோதிபர்க்குரியது' என்று ஒதுங்கிவிடாதீர்கள். கூட்டமொன்றை நேரத்துக்குத் தொடங்கவும், மாறுபட்ட கருத்தை மரியாதையோடு கேட்கவும், பொதுப் பணத்தை நேர்மையாகப் பேணவும் கற்றுத்தரும் கூடம் அது. மூத்தோரே! இளையவர் புதிய முறையொன்றைக் கூறினால், 'எங்கள் காலத்தில் அப்படியில்லை' என்று தொடங்காதீர்கள். ஓராண்டு அவர்கள் வழியிலும் நடத்திப் பாருங்கள்.

முடிவாக ஒன்று. அடுத்த கூட்டத்தில் வந்தோரை எண்ணுமுன், வராதோரின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவள் ஏன் வரவில்லை என்பதைக் கேட்டறிந்து எழுதுங்கள். வேலை நேரமா, பேருந்துக் காசா, மொழியா, நோயா, வீட்டுத் துன்பமா, முன்னொருநாள் எவரோ சொன்ன சுடுசொல்லா என்பது அப்பட்டியலில் தெரிந்துவிடும். வரும் ஆண்டிற்கான வேலைத்திட்டத்தை அதிலிருந்தே வகுத்துக்கொள்ளலாம்.